500 ரூபாய்க்கு ஒரு சான்றிதழ்: பதிப்புரிமைப் பதிவுச் சேவை பற்றிய மதிப்புரை

இந்திய அரசின் பதிப்புரிமை அலுவலகம் இணையவழியில் நடத்திவரும் பதிவுச் சேவையைப் பற்றி, எழுத வந்திருக்கும் நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பணத்தைக் கட்டிப் பதிவு செய்துவிட்டால் நம் படைப்பை இனி எவரும் தொட முடியாது அல்லவா? சிறுகதைத் தொகுப்பு ஒன்றையும் தனிப்பாடல்கள் சிலவற்றின் வரிகளையும் இச்சேவையின் வழியாகப் பதிவு செய்தவன் என்ற முறையிலும், பின்னர் உரிமை தொடர்பான ஒரு தகராறைச் சந்தித்துத் தீர்த்துக்கொண்டவன் என்ற முறையிலும் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சேவை தான் சொன்னதைச் செய்கிறது, கட்டணமும் மிகுதியில்லை. ஆனால் படைப்பாளியின் கைக்குப் பணமோ மரியாதையோ வந்து சேர்வதில் அந்தச் சான்றிதழுக்கு உள்ள பங்கு மிகச் சிறியது. சட்டம் நமக்கு எத்தனை உரிமைகளைத் தந்திருக்கிறது என்பதைக் காட்டிலும், அவற்றில் எதை நாமே விரும்பினாலும் விற்றுவிட முடியாதபடி வைத்திருக்கிறது என்பதுதான் படைப்பாளிக்கு முக்கியம் என்ற முடிவுக்கே நான் வந்திருக்கிறேன்.

முதலில் சேவையின் நடைமுறை. அலுவலகம் புது தில்லியின் துவாரகாவில் இருந்தாலும் அங்கே செல்ல வேண்டிய தேவையில்லை. இணையதளத்தில் கணக்கு ஒன்றைத் தொடங்கி, படிவத்தை நிரப்பி, படைப்பின் பிரதியைப் பதிவேற்றிக் கட்டணத்தைச் செலுத்தினால் டைரி எண் ஒன்று கிடைக்கிறது. 2013 ஆம் ஆண்டின் விதிகளின்படி, இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் ஆகியவற்றுக்கு ஒரு படைப்புக்கு 500 ரூபாய். ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். திரைப்படத்துக்கு 5,000 ரூபாய். பொட்டலத்தின் மீதோ லேபிளின் மீதோ வரக்கூடிய ஓவியமாக இருந்தால் கட்டணம் 2,000 ரூபாயாகிறது. அதைப் போன்ற வணிகச் சின்னம் வேறெதுவும் இல்லை என்று வணிகச் சின்னப் பதிவாளரிடமிருந்து சான்று ஒன்றும் வாங்கிச் சேர்க்க வேண்டும். டைரி எண் வந்த பிறகு, எவரேனும் ஆட்சேபம் தெரிவிப்பதற்காக 30 நாள்கள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பின்னரே ஆய்வாளர் விண்ணப்பத்தைப் பார்ப்பார். குறை இருந்தால் கடிதம் வரும். இல்லையேல் பதிவேட்டில் ஏற்றிச் சான்றிதழ் அனுப்புவார்கள். மொத்தத்தில் சில மாதங்களைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

பாடல் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பாடல் என்று நாம் சொல்வதைச் சட்டம் மூன்றாகப் பார்க்கிறது. வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. பாடிப் பதிவு செய்த வடிவம் ஒலிப்பதிவு. மூன்றுக்கும் உரிமையாளர்கள் வேறு வேறாக இருக்கலாம். மூன்றையும் பதிய விரும்பினால் மூன்று விண்ணப்பங்கள், மூன்று கட்டணங்கள். என் வரிகளுக்கு மட்டும் நான் விண்ணப்பித்தேன். எழுதியவரும் விண்ணப்பிப்பவரும் ஒருவராக இருந்தால் வேலை எளிது. வேறு வேறாக இருந்தால் எழுதியவரிடமிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருப்பது ஒரு குறைதான் என்றாலும், கேட்கப்படும் விவரங்கள் சிக்கலானவை அல்ல. இடைத்தரகர் எவரும் இல்லாமலேயே முடித்துவிடலாம். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு இதைச் செய்து தருவதாக விளம்பரம் செய்பவர்களிடம் கொடுக்கும் பணம் வீண் என்பது என் கருத்து.

இனி, அந்தச் சான்றிதழைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பு தாளிலோ கணினியிலோ உருப்பெற்ற கணத்திலேயே உரிமையும் பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. வழக்குத் தொடுப்பதற்குக்கூடப் பதிவு தேவையில்லை என்பதைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 ஆம் ஆண்டில் விரிவாக ஆராய்ந்து உறுதிப்படுத்தியிருக்கிறது. பதிவேட்டில் உள்ள விவரங்கள் முதல்நோக்குச் சான்றாக ஏற்கப்படும் என்று 48 ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது மறுப்பவர்தான் மறுத்து நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் தரும் பயன் இவ்வளவுதான். பதிவாளர் நம் கதையை உலகத்தில் உள்ள மற்றக் கதைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் தருவதில்லை. அப்படி ஒப்பிடுவது எவராலும் ஆகாத காரியம். ஆகவே திருடியவரே முந்திக்கொண்டு பதிவு செய்துவிட்டால், அந்தப் பதிவை நீக்கக் கோரி உண்மையான ஆசிரியர் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

மேலும், பதிப்புரிமை பாதுகாப்பது வெளிப்பாட்டை, கருத்தை அன்று. மேடை நாடகம் ஒன்றின் கருவைத் திரைப்படம் எடுத்துக்கொண்டது என்று தொடுக்கப்பட்ட ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978 ஆம் ஆண்டில் இதைத் தெளிவாக்கியது. நாடக ஆசிரியர் தோற்றார். 'ஒரு வரியில் கதை சொன்னேன், அதை எடுத்துக்கொண்டார்கள்' என்று கோடம்பாக்கத்தில் கேட்கும் முறையீடுகளுள் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சட்டத்தில் மருந்தில்லை என்பதே இதன் பொருள். தனக்குத் தானே பதிவுத் தபாலில் கதையை அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழக்கம் இன்னும் அங்கே சிலரிடம் உண்டு. தேதியை மெய்ப்பிப்பதற்கு அது ஓரளவு உதவலாமே தவிர, கரு என்னுடையது என்ற வாதத்துக்கு அதனாலும் பலம் கூடாது.

இந்த இடத்தில் இன்னொரு பதிவேட்டையும் சொல்லியாக வேண்டும். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிந்துவைப்பது திரைத்துறையில் நெடுநாளைய வழக்கம். 2018 ஆம் ஆண்டில் 'சர்கார்' படத்தின் கதையைப் பற்றித் துணை இயக்குநர் ஒருவர் முறையிட்டபோது, அவர் பல ஆண்டுகளுக்கு முன் சங்கத்தில் பதிந்திருந்த கதையோடு அதன் மூலக்கரு ஒத்திருக்கிறது என்று அப்போதைய தலைவர் கே. பாக்யராஜ் தெரிவித்தார், சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கு, அவருக்குப் படத்தில் அங்கீகாரம் தர ஒப்புக்கொண்டதையடுத்துச் சமரசமாக முடிந்தது. அரசின் சான்றிதழ் எதுவும் அங்கே பேசவில்லை. தம் உறுப்பினருக்காகப் பேச ஓர் அமைப்பு இருந்ததுதான் காரியத்தை நடத்தியது. இரண்டு பதிவுகளுள் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்ற நிலையில் உள்ள உதவி இயக்குநருக்கு, நான் சங்கப் பதிவையே பரிந்துரைப்பேன்.

என் தகராறுக்கு வருகிறேன். என் தொகுப்பை வெளியிட்ட பதிப்பகம் ஒன்று (பெயர் இங்கே தேவையில்லை) அதில் உள்ள கதைகளை ஒலிப்புத்தகமாக வெளியிட ஒரு செயலிக்கு அனுமதி கொடுத்துவிட்டிருந்தது. என்னைக் கேட்கவும் இல்லை, எனக்குச் சொல்லவும் இல்லை. தமிழ்ப் பதிப்புலகில் பரவலாக உள்ளதைப் போலவே எங்களுக்கிடையிலும் எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இருந்ததில்லை. 'நம்ம வீட்டுப் புத்தகம் சார்' என்ற வாய்ச்சொல்தான் இருந்தது. கையில் சான்றிதழ் இருப்பதால் காரியம் எளிதாக முடியும் என்று வீட்டில் உள்ளவர்கள் எண்ணினார்கள். பதிப்பாளரோ அந்தக் கதைகளை நான் எழுதவில்லை என்று ஒருபோதும் சொல்லவில்லை. எழுதியவர் யார் என்ற கேள்விக்குத்தான் சான்றிதழ் விடை சொல்கிறது. அந்தக் கேள்வியை எங்கள் தகராறில் எவருமே எழுப்பவில்லை. எழுதியவர் எதை, எவ்வளவு காலத்துக்கு, யாருக்குக் கொடுத்தார் என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்தது.

அதற்கு விடை சட்டத்தின் 19 ஆம் பிரிவில் இருந்தது. எழுத்து வடிவில், கையொப்பத்தோடு இல்லாத எந்த உரிமை மாற்றமும் செல்லாது என்று அது சொல்கிறது. அப்படி எழுதிக் கொடுத்திருந்தாலும், கால அளவு குறிக்கப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் மட்டுமே; நிலப்பரப்பு குறிக்கப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டுமே. பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அன்றி, அது காலாவதியாகிவிடுகிறது. இலங்கையிலும் மலேசியாவிலும் வாசகர்களை வைத்திருக்கும் தமிழ் எழுத்தாளருக்கு இவற்றின் மதிப்பு பெரிது. ஒப்பந்தத்தில் நாடுகளின் பெயர் இல்லாத வரையில் அந்நாட்டுப் பதிப்புகளின் உரிமை அவரிடமே தங்கியிருக்கிறது. இந்தப் பிரிவை மேற்கோள் காட்டி நான் எழுதிய கடிதத்துக்குப் பின் ஒலிப்புத்தகம் நிறுத்தப்பட்டது. பின்னர் என்னோடு தனி ஒப்பந்தம் எழுதிய பிறகு மீண்டும் வெளிவந்தது. வக்கீல் நோட்டீஸ்கூடத் தேவைப்படவில்லை.

இதிலிருந்து, பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்குப் பக்கபலம் என்று ஒருவர் முடிவு கட்டலாம். எனக்கு அந்த வெற்றியில் முழு நிறைவில்லை. பதிப்பாளர் ஒப்பந்தம் போடாமல் விட்டதால்தான் நான் தப்பினேன். 'எல்லா வடிவங்களிலும், எல்லா நாடுகளிலும், உரிமைக் காலம் முழுமைக்கும்' என்று நான்கு வரிகளை எழுதி என் முன் நீட்டியிருந்தால், முதல் நூல் வெளிவரும் மகிழ்ச்சியில் இருக்கும் எந்த எழுத்தாளரும் கையொப்பமிட்டுவிடுவார். அதன் பிறகு அதே சட்டம், அதே பலத்தோடு, பதிப்பாளரின் பக்கம் நிற்கும். நிபந்தனைகள் கொடுமையானவையாக இருந்தால் உரிமை மாற்றத்தை ரத்து செய்யக் கோரலாம் என்று 19அ பிரிவு இருக்கிறது. ஆனால் உரிமை மாறிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அப்படி உத்தரவிட முடியாது. ஒரு நூலின் விற்பனைக்காலத்தில் பெரும்பகுதி அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் முடிந்துவிடுவதைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் அறிவார்கள். உரிமை என்பது விற்கத்தக்க சொத்தாக இருக்கும்போது, பேரம் பேசும் வலிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அது போய்ச் சேருகிறது.

ஓவியர்களின் நிலை இதைவிட மோசம். ஒருவரின் வேண்டுகோளின் பேரில் பணம் பெற்றுக்கொண்டு எடுத்த புகைப்படத்துக்கும் வரைந்த ஓவியத்துக்கும், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது 17 ஆம் பிரிவு. எழுத்தாளர் கையொப்பமிட்டு இழப்பதை ஓவியர் கையொப்பமிடாமலேயே இழக்கிறார். அட்டைப்படத்துக்காக வரைந்து கொடுத்த ஓவியம் பின்னர் நாட்காட்டியிலும் கோப்பையிலும் வருவதைக் கண்டு மனம் வெதும்பும் ஓவியர், பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் இந்தப் பிரிவை ஒரு முறை படிக்க வேண்டும். பதிவு செய்ய அவரிடம் உரிமையே இல்லாமல் இருக்கக்கூடும். ஆயினும் 57 ஆம் பிரிவு தரும் தார்மிக உரிமை, அதாவது தன் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமை, விற்ற பிறகும் படைப்பாளியிடமே நிற்கிறது. தில்லி விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979 ஆம் ஆண்டில் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் சிதைய விட்டது. சிற்பம் அரசுக்குச் சொந்தமானது. இருந்தும் அதைச் சிதைத்தது படைத்தவரின் உரிமையை மீறிய செயல் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2005 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்து, எஞ்சிய பாகங்களைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. அவர் வழக்குத் தொடுத்தது 1992 இல். காலம் எவ்வளவு பிடித்தது என்பது வேறு. விற்ற பின்னும் மிஞ்சியிருந்த உரிமைதான் அவரைக் காத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே தர்க்கம் மிகத் தெளிவாக விளங்குவது திரைப்பாடல் துறையில். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் படத்துக்காகச் செய்து கொடுத்ததற்குத் தயாரிப்பாளரே உரிமையாளர் என்ற நிலையை, மாற்று ஒப்பந்தம் இல்லாத இடத்தில், உச்ச நீதிமன்றம் 1977 ஆம் ஆண்டில், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கம் தொடர்பான வழக்கில் உறுதி செய்தது. மாற்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் வலிமை பெரும் பெயர் பெற்ற சிலரைத் தவிர எவருக்கும் இருந்ததில்லை. பாடல் வானொலியில் ஒலித்தாலும், உணவகத்தில் ஒலித்தாலும், கைப்பேசியின் அழைப்பொலியாக விற்றாலும், எழுதியவருக்கு முன்னரே கொடுத்த தொகையோடு கணக்கு முடிந்துவிட்டது. அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடுபவரின் குரலுக்கு நம் சட்டத்தில் இடமே இல்லாதிருப்பதைச் சுட்டிக்காட்டி வருந்தினார். பாடகர் முதலான நிகழ்த்துவோருக்கு உரிமை கிடைக்க 1994 ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2012 ஆம் ஆண்டில் வந்த திருத்தம்தான் நிலையை மாற்றியது. மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடியதும் அவைக்குள்ளேயே அவருக்குப் பெரும் ஆதரவு திரண்டதும் பலருக்கு நினைவிருக்கும். திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டப்படுவதைத் தவிர மற்ற எல்லாப் பயன்பாடுகளிலும், உரிமையை வாங்கியவரோடு சரிசமமாக ராயல்டி பெறும் உரிமை பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உண்டு என்றும், அந்த உரிமையை அவர்கள் எவருக்கும் எழுதிக் கொடுக்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது என்றும், அப்படி எழுதிய ஒப்பந்தம் செல்லாது என்றும் அது கூறியது. சட்டப்படியான வாரிசுகளுக்கும், ராயல்டியை வசூலித்துப் பகிர்ந்தளிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதை மாற்றித் தரலாம். திரைப்படம் சாராத தனிப்பாடல்களுக்கும் இதே பாதுகாப்பு நீண்டது. பேரம் பேச வலிமையில்லாதவரின் கையிலிருந்து பேனாவையே சட்டம் எடுத்து வைத்துவிட்டது எனலாம். தன்னுடைய பங்கை விற்கும் சுதந்திரத்தை இழந்ததால் அவர் அந்தப் பங்கைக் காப்பாற்றிக்கொண்டார்.

சட்டம் வந்த மறுநாளே பணம் வந்துவிடவில்லை. ஐ.பி.ஆர்.எஸ். புதிய விதிகளின்படி மறுபதிவு பெற்றது 2017 ஆம் ஆண்டின் இறுதியில்தான். பாடலின் ஒலிப்பதிவுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டோம், எழுதியவருக்குத் தனியாக எதற்குக் கொடுக்க வேண்டும் என்று பண்பலை வானொலி நிறுவனங்கள் தொடர்ந்து வாதிட்டன; பம்பாய் உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் அந்த வாதத்தை ஏற்காமல், எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி செலுத்தியாக வேண்டும் என்று கூறியது. நாடாளுமன்றம் சொன்னதை நீதிமன்றம் மீண்டும் சொல்ல பதினோரு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இருப்பினும் பயன் கண்கூடு. என் தனிப்பாடல்களின் உரிமையை ஒரு இசை நிறுவனத்துக்கு ஒரே தொகைக்கு எழுதிக் கொடுத்தவன் நான். பின்னர் பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகி, பாடல்களை அவர்களிடம் அறிவித்த பிறகு, அவ்வப்போது ராயல்டி வந்துகொண்டிருக்கிறது. தொகை சிறியதுதான், ஆனால் விற்றுவிட்ட பாடலுக்கு வருகிறது. சிறுகதைத் தொகுப்புக்கு அப்படியொரு பாதுகாப்பு இல்லை. திரைப்படத்திலும் ஒலிப்பதிவிலும் சேர்ந்த படைப்புகளுக்கு மட்டுமே அந்தத் திருத்தம் பொருந்தும். நாவலாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் இன்றளவும் தங்கள் பங்கை முழுமையாக எழுதிக் கொடுத்துவிடலாம், கொடுத்தும் வருகிறார்கள். ஒரே மனிதன் எழுதிய இரண்டு வகைப் படைப்புகளுள் ஒன்றுக்கு மட்டும் கவசம் இருப்பதற்கு நியாயமான காரணம் எனக்குப் புலப்படவில்லை. பாடலாசிரியர்களுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு குரல் இருந்தது, நாவலாசிரியர்களுக்கு இல்லை என்பதைத் தவிர.

நாட்டுப்புறக் கலைஞர்களைப் பொறுத்தவரை இந்தச் சேவையில் அவர்களுக்கென்று ஒன்றுமில்லை. தலைமுறைகளாகப் பாடப்பட்டுவரும் பாடலுக்கு ஆசிரியர் என்று ஒருவரைக் காட்ட முடியாததால் பதியவும் முடியாது. பாடியவரின் நிகழ்த்துநர் உரிமை அவருடைய நிகழ்ச்சியைப் பதிவு செய்து பயன்படுத்தும்போது உதவும். மெட்டை மட்டும் கேட்டுக்கொண்டு போய் வேறு குரலில் பாடவைத்தால் உதவாது.

படைப்பாளி இறந்த பிறகு நடப்பதைத் தமிழர்கள் மற்றவர்களைவிட நன்றாக அறிவார்கள். தம் நூல்களையெல்லாம் வெளியிடப் பண உதவி கேட்டு 1920 ஆம் ஆண்டில் அன்பர்களுக்கு எழுதிய பாரதியார், அது நிறைவேறாமலேயே மறு ஆண்டு மறைந்தார். அவர் பாடல்களின் இசைத்தட்டு உரிமை கைமாறிக் கைமாறி ஏ.வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. 1940களின் இறுதியில் நாடகக் கலைஞர் டி.கே. சண்முகம் தம் படத்தில் பாரதி பாடல் ஒன்றைச் சேர்த்ததற்கு எதிர்ப்பு எழுந்தபோதுதான், மகாகவியின் பாடல் ஒருவருக்குத் தனிச்சொத்தாக இருக்கலாமா என்ற கேள்வி நாட்டில் எழுந்தது. பாரதி விடுதலைக் கிளர்ச்சியைத் தொடர்ந்து, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு 1949 ஆம் ஆண்டில் உரிமைகளைப் பெற்றுக்கொண்டது. மெய்யப்பன் தம் பங்குக்குப் பணம் வாங்கவில்லை. 1955 ஆம் ஆண்டில் அவை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன. உயிரோடு இருந்தபோது பாரதியாருக்கு உதவாத உரிமை, அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து வணிக மதிப்புள்ள சொத்தாக விளங்கியது. வடக்கே நடந்தது இதற்கு நேர்மாறு: தாகூரின் படைப்புகளுக்கான உரிமை 1991 ஆம் ஆண்டோடு முடிய இருந்த நிலையில், ஆசிரியர் இறந்த பின் 50 ஆண்டுகள் என்றிருந்த காலத்தை 60 ஆண்டுகளாக நீட்டினார்கள். பயன் அடைந்தது, அந்த உரிமையை வைத்திருந்த விஸ்வபாரதி பல்கலைக்கழகம். இறந்து அரை நூற்றாண்டான கவிஞரை மேலும் பத்தாண்டுக்கால உரிமை எழுதத் தூண்டியிருக்க முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மறைந்த எழுத்தாளரின் வாரிசுகளுக்கு ஒரு தொகையைக் கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் தமிழ்நாட்டு வழக்கம், குறைபாடுகள் பல இருந்தாலும், இதைவிட நேர்மையானது என்பது என் எண்ணம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையான பிறகு எத்தனை பதிப்பகங்கள், எத்தனை விலைகளில் அவற்றை வெளியிடுகின்றன என்பதைப் பார்த்தாலே வாசகருக்கு அதனால் கிடைத்த பயன் விளங்கும்.

திருட்டு பி.டி.எஃப். பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல். இதற்கும் பதிவுச் சான்றிதழ் கட்டாயமில்லை. உரிமையாளர் எழுத்து மூலம் முறையிட்டால், படைப்பைத் தேக்கி வைத்திருக்கும் இணைய இடைநிலையாளர் (அதாவது தளத்தையோ செயலியையோ நடத்தும் நிறுவனம்) 36 மணி நேரத்துக்குள் அதை எவரும் அணுக முடியாதபடி தடுக்க வேண்டும்; 21 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். 2022 ஆம் ஆண்டில், பயிற்சி மைய ஆசிரியர் ஒருவரின் பாடக்குறிப்புகளைப் பகிர்ந்த டெலிகிராம் கணக்குகளின் விவரங்களை வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு ஆணையிட்டது. வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் 21 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணை பெறுவது ஆண்டு முழுவதற்கும் சொற்ப ராயல்டி வாங்கும் தமிழ் எழுத்தாளருக்கு ஆகக்கூடிய செலவா என்பதை அவரவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். நாம் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்ற சலுகையைச் சட்டம் தந்திருப்பது மட்டும் உண்மையான உதவி.

நகலெடுப்பவர் எல்லாரும் படைப்பாளியின் எதிரி என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த நகலகத்தின் மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தபோது, அந்தப் பாடநூல்களை எழுதிய அறிஞர்கள் பலர் மாணவர்கள் பக்கம் நின்றார்கள். வழக்கைத் திரும்பப் பெறுமாறு அமர்த்தியா சென்னே பதிப்பகத்துக்கு எழுதினார். 2016 ஆம் ஆண்டில் பதிப்பகங்கள் தோற்றன. 'படைப்பாளிகளின் நலன்' என்ற கொடியின் கீழ் நடக்கும் போரில் படைப்பாளி எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

ஆகவே இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண்கள் தருகிறேன். வெளிவராத கையெழுத்துப் பிரதியைப் பலரிடம் காட்ட வேண்டிய நிலையில் இருப்பவர்கள், கூட்டாக எழுதியவர்கள், பெயர்க்குழப்பத்துக்கு இடமுள்ள புனைபெயரில் எழுதுபவர்கள் ஆகியோர் 500 ரூபாயைத் தயங்காமல் செலவிடலாம். எழுதியவர் யார் என்ற கேள்வி அவர்களுக்கு உண்மையிலேயே எழக்கூடும். அச்சாகி, பெயரோடு கடையில் கிடைக்கும் நூலுக்கு அதே தொகையைச் செலவிடுவதைவிட, ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது மேல். பாடலாசிரியராக இருந்தால் முதலில் பதிப்புரிமைச் சங்கத்தில் சேர வேண்டும். இந்தப் பதிவு அதற்குப் பின்னரே.

மேலும் ஒன்று. விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய விவரப் பட்டியலில், இந்தப் படைப்பின் உரிமைகள் யார் யாரிடம் எந்த அளவுக்கு உள்ளன, இதுவரை செய்த உரிமை மாற்றங்களும் உரிமங்களும் எவை என்று கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. பலர் அதில் 'இல்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் மொத்தச் சேவையிலும் பயனுள்ள பகுதி அதுதான். அதை நிரப்ப உட்கார்ந்த மாலையில் பழைய கடிதங்கள், மின்னஞ்சல்கள், பத்திரிகை அலுவலகங்கள் அனுப்பிய காசோலை இணைப்புத் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். எந்தக் கதைக்கு யாரிடம் எதில் கையொப்பமிட்டிருக்கிறேன் என்ற பட்டியல் அப்போதுதான் முதன்முறையாக உருவானது. பதிப்பகத்துக்கு எழுதிய கடிதத்தோடு நான் இணைத்தது சான்றிதழின் நகலை அன்று, அந்தப் பட்டியலை.